பாலத்தடியில் ஒன்றேகால் மணித்தியாலம்

போன வைகாசியில் என் பிறந்தநாளுக்கு மகன் ஒரு சைக்கிள் கொண்டுவந்து தந்தான். ஒடென்சேயிலிருந்து காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கைபிடி கடாக்கொம்பு மாதிரி வளைந்து கிடந்தது. மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, நிறுத்தி வைக்க ஸ்டாண்ட்கூட இல்லை. இது கிரவல் சைக்கிள், சரளைக்கல் போட்ட கிரவல் பாதையில் ஓடுவதற்கென்றே செய்தது என்று டெனிஷில் விளக்கினான். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"டேய், கிரவல் ரோட்டிலை ஓடத் தனிச் சைக்கிளோ? நான் இஞ்சை வந்த காலத்திலை வேறை எந்த ரோட்டிலை ஓடினனான்?"

அவன் சிரித்தான். என் கத்தலுக்குச் சிரிக்கப் பழகிவிட்டான். போனை எடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினான். எங்கள் ஊர் பிராண்டேக்குப் பக்கத்தால் ஓடுகிற ஸ்கெர்ன் ஆற்றின் கரையோடு ஒரு நீலக்கோடு மேற்கே போய்க்கொண்டிருந்தது. கொம்யூன்காரர், அதுதான் நகரசபைக்காரர், பலகை நட்டு, வாங்கு போட்டு, இரவு தங்க மரக் கொட்டில்களும் கட்டி விட்டிருக்கிறார்களாம். ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஓடுகிறார்களாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தேன். இரும்புப் பாலம், வெட்டவெளி, மீன் பண்ணை, அதுக்கப்பால் பைன் தோட்டம். அட கடவுளே, அது நான் வேலைக்குப் போன ரோட்டு.

வந்த புதிதில் எனக்கு வேலை கிடைத்தது பதினாறு கிலோமீற்றர் மேற்கே மேசை கதிரை செய்கிற ஒரு தளபாடத் தொழிற்சாலையில். பிராண்டேயில் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய தமிழர்கள்தான். அதில் இரண்டு பேர் அந்தத் தொழிற்சாலைக்குப் போனோம்: நானும் அண்ணையும். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவர், அகதி முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். கார் இல்லாமல் இந்த ஊரில் ஒன்றும் நடவாது. எங்களிடம் காரும் இல்லை, ஓட்ட லைசென்சும் இல்லை. பழைய சாமான் கடையில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினோம். அவருக்குக் கிடைத்தது பெண்கள் ஓடுகிற சைக்கிள், முன்னால் பூப் போட்ட கூடையோடு. அந்தக் கூடையைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார். சாப்பாட்டுப் பெட்டி வைக்க அதைவிட நல்ல இடம் உண்டோ என்று கேட்பார்.

பெரிய ரோட்டில் லொறிகள் பறக்கும். அதனால் ஆற்றங்கரைக் கிரவல் ரோட்டால் போவோம். அவர் ஊரின் ஒரு தொங்கலில் இருந்தார், நான் மற்றத் தொங்கலில். இரும்புப் பாலத்தடியில்தான் சந்திப்பு, விடிய ஐந்தே முக்காலுக்கு. முதலில் வருகிறவர் பார்த்து நிற்கவேண்டும்.

நாங்கள் இருக்கிற யூட்லாந்தின் மேல்காற்றைப் பற்றி அதில் சைக்கிள் ஓடினவனிடம்தான் கேட்கவேண்டும். மேற்குக் கடலில் கிளம்பி மறிக்க ஒரு மலை இல்லாமல் நேரே மூஞ்சியில் வந்து அறையும். முதல் கிழமையிலேயே நாங்கள் ஒரு முறை கண்டுபிடித்துவிட்டோம். ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்குவது, மற்றவர் அவருடைய பின்சில்லோடு ஒரு சாண் விட்டு ஒட்டிக்கொண்டு போவது. பாலத்திலிருந்து மீன் பண்ணை வரைக்கும்தான் கொடுமையான வெளி, அங்கே காற்று ஆளைத் தள்ளும். பண்ணைக்கு அப்பால் பைன் மரம் கொஞ்சம் மறைக்கும். ஒருநாள் வெளி எனக்கு, பைன் தோட்டம் அவருக்கு. அடுத்த நாள் மாறி. பண்ணையடியில் முன்னால் போகிறவர் இடது முழங்கையை இரண்டு தரம் ஆட்டுவார், பின்னால் வருகிறவர் முந்திப் போய் முன்னுக்கு வருவார். பேச்சு ஒன்றும் இல்லை. பேசினாலும் காற்றில் கேட்காது.

கதையெல்லாம் பின்னேரம்தான். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். பெடலை மிதிக்கவும் தேவையில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டு வாய் ஓயாமல் கதைப்போம். கலியாணம், விசா, போர்மன் எப்படி மூக்கைச் சீறுகிறான், ரேடியோவில் கேட்ட செய்தி, பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்கிறது. ஆற்றுப்பக்கத்துப் புல்வெளியில் மாடுகள் தலையைத் தூக்கி எங்களைப் பார்க்கும். வெயில் காலத்தில் பாலத்தடியில் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற புட்டைப் பகிர்ந்து தின்போம். அந்த மூன்று வருஷம் கதைத்த கதை மாதிரி என் வாழ்நாளில் வேறு யாரோடும் நான் கதைத்ததில்லை, என் மனுசி உட்பட.

அண்ணையில் ஒரே ஒரு குறை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்: அவருக்குக் கரிநாக்கு. அவர் ஒன்றைப் புகழ்ந்தால் அது விளங்காது. ஒருநாள் பின்னேரம் என்னிடம், "உன்ரை சைக்கிள் என்ன மாதிரி சத்தமில்லாமல் ஓடுது பார்" என்றார். அரைக் கிலோமீற்றர் போகவில்லை, செயின் அறுந்து விழுந்தது. இன்னொருவர் வீட்டில் சாடியில் வளர்ந்த பூச்செடியைப் பார்த்து "நல்ல செழிப்பு" என்றார், கிழமைக்குள் அது பட்டுப்போனது. வெளிச்சமில்லாத குளிர்காலத்தில் செடி படாமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் சனம் அதையா யோசிக்கும். அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் பிள்ளைக்குக் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைத்துவிடுவார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு, "பிள்ளை பரவாயில்லை, அவ்வளவு வடிவில்லை" என்று சொல்லிவிட்டு இருப்பார்.

மூன்றாம் வருஷக் கடைசியில் நான் களவாக லைசென்ஸ் எடுத்தேன். களவாக என்றால் ஒருவருக்கும் சொல்லாமல். அது எங்கள் வழக்கம். வீடு வாங்கினாலும் சரி, பிள்ளை தங்கினாலும் சரி, காரியம் முடியும்வரை வாய் திறக்கமாட்டோம், நாவூறு பட்டுவிடும். ஒரு மாசிச் சனிக்கிழமை, ஒரு கமக்காரனிடம் பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கி வந்து கராஜுக்குள் விட்டேன். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் வெளியில் சொல்வது என்று மனுசி தீர்மானமாகச் சொன்னாள்.

"இஞ்சரப்பா, முக்கியமா அவருக்கு மூச்சும் விடக்கூடாது. 'நல்ல கார்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாரெண்டால் முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன். ஆட்டின தலையை வெட்டவேண்டும்.

திங்கட்கிழமை விடிய எழும்பினால் மழையும் பனியும் கலந்து சாய்த்துக்கொண்டு கொட்டியது. சைக்கிளை எடுக்கிறதோ, கராஜுக்குள் காரை வைத்துக்கொண்டு? பெரிய ரோட்டால் காரில் போனேன். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்டிப்போனால் அவர் காரைப் பார்ப்பார், பார்த்தால் ஏதாவது சொல்வார். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, எனக்குச் சுகமில்லை என்று நினைத்துத் தன்பாட்டில் வந்துவிடுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்போது கைத்தொலைபேசி ஏது. அன்றைக்கு அந்த வெட்டவெளியில் முன்னுக்குப் போகிற முறை எனக்கு. அதையும் நினைத்தேன், நினைத்துவிட்டு ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

ஏழு மணிக்கு அண்ணை வேலைக்கு வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. பத்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இடுப்புவரை நனைந்து, காற்சட்டையில் சேறு அப்பி, உதடு நீலமாகி வந்தார். வந்தவர் மெஷினடியில் காய்ந்த உடுப்போடு நிற்கிற என்னைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார். முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அதை நான் கண்டேன். கண்டதால்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்டேகால் மணித்தியாலம் பார்த்தன். நீ அப்பிடி வராமல் விடுறவன் இல்லையே. பாலத்தடியிலை ஒரு சைக்கிள் சறுக்கின அடையாளம் கிடந்தது. ஆத்துக்குள்ளை இறங்கித் தேடினனான்ரா."

அந்த இடத்தில் அவருடைய காலில் விழுந்திருக்கவேண்டும். எனக்கோ வெட்கத்தில் வாய் உளறியது. கார் வாங்கினதைச் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "இல்லை அண்ணை, உங்கடை நாக்குக்குப் பயந்துதான்..." என்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஈரக் காற்சட்டையைப் பிழிந்து பையில் போட்டார். தொழிற்சாலை கொடுத்த நீல உடுப்பை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார். அதோடு சரி, கதை நின்றது.

முப்பது வருஷத்துக்கு மேல். இதை வெளியில் சொன்னால் டெனிஷ்காரர் நம்பமாட்டார்கள். அந்தச் சிவப்புக் கார் நாலு மாதத்தில் எஞ்சின் பிடித்து நின்றது, அதற்கு ஒருவருடைய நாக்கும் தேவைப்படவில்லை. நான் பிராண்டேயிலேயே காற்றாலை இறகு செய்கிற வேலைக்கு மாறினேன். இரண்டு வருஷம் கழித்து அவரும் அங்கேயே வந்தார், வேறு ஷிப்ட். நன்மைக்குப் போக்குவரத்து இல்லை, தின்மைக்கு மட்டும் உண்டு. என் அம்மா ஊரில் செத்த செய்தி வந்தபோது அண்ணை வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, என் கையைப் பிடித்துவிட்டு, ஒரு மூலையில் இரண்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போனார். அவருடைய தம்பி செத்தபோது நானும் அப்படியே போய் இருந்தேன். பிள்ளைகளின் கலியாணங்களுக்கு ஆளுக்கு ஆள் கார்ட் அனுப்பினோம், போகவில்லை. மனுசிமார் மட்டும் மூன்று மாதத்தில் போனில் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் என்ன கறி என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அப்படித்தான் இந்தச் செய்தியும் வந்தது. மகன் சைக்கிள் தந்து பத்து நாள் இருக்கும். மனுசி போனை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அவையள் வீட்டை வித்திட்டினமாம். மாதக் கடைசியிலை ஹ்விடோவ்ரேக்கு மகளிட்டைப் போயிடினமாம்."

"போகட்டும். எனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கும்வரைக்கும் என்றைக்காவது ஒருநாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. கடையில் பால் எடுக்கும்போது அவருடைய முதுகைக் காணலாம், கார் தரிப்பிடத்தில் ஒரு தலையசைப்பு நடக்கலாம். கோப்பன்ஹேகன் பக்கம் போனபிறகு எங்கே காண்பது? இனி இரண்டு பேரில் ஒருவருடைய செத்த வீட்டில்தான். அதில் ஒருவருக்குக் கண் மூடியிருக்கும்.

மனுசி கட்டில் விளிம்பில் இருந்து மெல்லச் சொன்னாள். "நான் சொன்னதாலைதானே அண்டைக்கு நீங்கள்..."

"நீர் சும்மா இரும். நாக்கு எண்டு சொன்ன வாய் என்ரை வாய்." எழும்பி இருந்துகொண்டு சொன்னேன்: "நாளைக்கு அவவுக்குப் போன் எடும். ஞாயிற்றுக்கிழமை விடிய ஐஞ்சே முக்காலுக்கு நான் பாலத்தடியிலை நிப்பன் எண்டு சொல்லச் சொல்லும். அவ்வளவுதான்."

மறுமொழி ஒன்றும் வரவில்லை. சொல்லியாச்சாம், மனிசன் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போயிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை கடாக்கொம்புச் சைக்கிளில் போனேன். பயமாகத்தான் இருந்தது, குனிந்து ஓடி எத்தனை வருஷம். ஆனால் தார் முடிந்து கிரவலில் சில்லு இறங்கியதும், அந்தக் கறுமுறு சத்தம் கேட்டதும், என் கால் தானாகவே மிதித்தது. வலது பக்கம் ஆல்டர் மரங்கள், இடது பக்கம் ஆறு, அந்த ஈரமண் மணம். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கிழட்டு வயதில் விசர் பிடித்தவன் மாதிரி தனியச் சிரித்துக்கொண்டு போனேன்.

பாலத்துக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஐந்து நாற்பதுக்கே போய்விட்டேன். சைக்கிளைக் கம்பியில் சாத்திவிட்டு ஊர்ப்பக்கத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆனது. வைகாசி என்று பெயர்தான், மேல்காற்று சட்டைக்குள் புகுந்தது. ஆறரைக்கு இறுக்கமான உடுப்பு போட்ட ஒரு கூட்டம் வந்தது. ஒருத்தி நிறுத்தி, உதவி வேண்டுமா, ரயர் போய்விட்டதா என்று டெனிஷில் கேட்டாள். கூட்டாளியைப் பார்த்து நிற்கிறேன் என்றேன். நல்ல பயணம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறே முக்காலுக்கு எனக்குக் கோபம் வந்தது. வராவிட்டால் போ, எனக்கும் ரோசம் இருக்கு என்று சைக்கிளைத் திருப்பினேன். திருப்பினவன் போகவில்லை. மனுசனுக்கு அறுபத்தேழு வயது, பழைய சைக்கிளை எடுத்திருப்பாரோ, வழியிலிருக்கிற பள்ளத்தடியில் கிரவல் சறுக்கியிருக்குமோ, விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று யோசனை ஓடியது. பாலத்தின் கரையோரம் சறுக்கின தடம் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி ஆற்றுக்குள் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்துத் தண்ணீர், அடியில் நீளப் பாசி அசைந்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்தப் பனிமழைக்குள் அவர் இதே இடத்தில் நின்று இதே தண்ணீரைப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷமாக நான் அதை ஒரு பிழை என்று நினைத்திருந்தேனே தவிர, ஒருநாளும் இந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தவன் இல்லை.

எதிர்க்கரையிலிருந்து ஒரு சைக்கிள் மணி அடித்தது.

"அதுக்குள்ளை என்னத்தையடா தேடுறாய்?"

அக்கரையில் கொம்யூன்காரர் கட்டின மரக் கொட்டிலுக்குள்ளிருந்து அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியில் வந்தார். மின்சாரச் சைக்கிள். கரியரில் தேத்தண்ணிப் போத்தல். நான் ஊர்ப்பக்கத்தைப் பார்த்து நின்ற நேரம் முழுக்க அந்த ஆள், எனக்கு முந்தியே வந்து, எனக்குப் பின்னால், அக்கரையில், காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

"உங்களைத்தான் அண்ணை" என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஏழு மணி. ஒண்டேகால் மணித்தியாலம் சரி" என்றார்.

பாலத்தின் நடுவுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கண் மட்டும் அதே கண். என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வேண்டுமென்றே, ஒவ்வொரு சொல்லாக, "நல்ல சைக்கிள்" என்றார்.

"சொல்லுங்கோ அண்ணை. இன்னும் சொல்லுங்கோ. உடைஞ்சால் உடையட்டும்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயின் ஓரம் அசைந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதை பிறகு. வெளியிலை காத்து அடிக்குது. முன்னாலை போ. அண்டைக்கு உன்ரை முறை."

போனேன். மேல்காற்று மூஞ்சியில் அறைந்தது, மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. பின்னால் ஒரு சாண் தூரத்தில் அவருடைய முன்சில்லு கிரவலை அரைக்கிற சத்தம் விடாமல் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, தேவையிருக்கவில்லை. மீன் பண்ணையின் தொட்டிகள் தெரிந்ததும் இடது முழங்கையை இரண்டு தரம் ஆட்டினேன். மறந்திருப்பாரோ என்று ஒரு பயம்.

சத்தம் விலகிப் பக்கத்தில் வந்தது. அண்ணை என்னை முந்தி முன்னுக்குப் போனார். என் முகத்தில் காற்று குறைந்தது. மின்சாரச் சைக்கிள்தானே, நினைத்தால் என்னை விட்டுவிட்டு மேற்கே பறந்துவிடலாம். ஆனால் அவருடைய கால் பாரத்தோடு மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது. அவர் மோட்டரை நிற்பாட்டியிருந்தார்.